தாமதித்து வந்த அலை

டப்ளினில் 1858இல் பிறந்த ரிச்சர்டு ஓல்டாம், தந்தை தாமசு ஓல்டாமின் வழியில் 1879இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். தந்தை முடிக்காது மறைந்த கச்சார் நிலநடுக்க ஆய்வை நிறைவுசெய்து வெளியிட்டார்.

1897 சூன் 12 அன்று அசாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. சில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. அழிவுகளை நேரில் ஆராய்ந்த ஓல்டாம், ஐரோப்பியக் கருவிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டார். ஒரே நடுக்கத்திலிருந்து விரைந்தோடும் முதன்மை அலையும், பின்தொடரும் இரண்டாம் நிலை அலையும், அவற்றினும் மெதுவான மேற்பரப்பு அலையும் பிறப்பதை உணர்த்தினார்.

உடல்நலக் குறைவால் 1903இல் பணி ஓய்வு பெற்றும் அவர்தம் ஆய்வு ஓயவில்லை. நெடுந்தொலைவில் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதித்து வருவதைக் கண்டார். அவற்றின் விரைவைக் குறைக்கும் கருவம் புவிக்குள் உண்டென 1906இல் வெளிப்படுத்தினார். எவரும் காணவியலாத ஆழத்தை அலையின் தாமதத்தால் அளந்த அவ்வறிஞர் 1936இல் மறைந்தார்.