லூயி கான்

ஐரோப்பாக் கண்டத்தின் வடகீழ்ப் பாகத்தில், பால்டிக் கடலோரத்தே எஸ்தோனியா என்னும் சிறு நாடு உளது. அந்நாட்டைச் சேர்ந்த சாரமாத் தீவில் குரெசாரே என்பது ஓர் ஊர். நாற்புறமும் கனத்த கற்சுவர் சூழ்ந்த பழங்கோட்டையொன்று அவ்வூரில் இன்றும் நின்று நிலவுகின்றது. அக்கோட்டையின் அயலிலே இளமையின் முற்பகுதியைக் கழித்த ஏழைச் சிறுவர் ஒருவரே, பிற்காலத்தில் லூயி கான் என உலகம் போற்றிய கட்டடச் சிற்பியாயினார்.

அவர் 1901-ஆம் ஆண்டில் ஓர் யூதக் குடும்பத்திற் பிறந்தார். எஸ்தோனியா அக்காலத்தில் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்டிருந்தது. மூன்று வயதில், அடுப்பிற் கனன்ற தணலின் ஒளியில் மயங்கி, அதனை வாரித் தம் ஆடையின் மடியில் இட்டுக்கொண்டார். தீ மூண்டு முகமும் கைகளும் வெந்தன. இம்மகவு இறத்தலே நன்றென்று தந்தையார் எண்ண, இவன் பிழைத்துப் பெருமையுறுவான் என்று தாயார் உறுதியாய் நம்பினாராம். தழும்பு இறுதிவரை மாறவில்லை. ஒளியின்மீது கொண்ட வேட்கையும் மாறவில்லை.

1906-இல் குடும்பத்தார் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரிற் குடியேறினர். பென்சில் வாங்கவும் பொருளின்றிக் குச்சிகளை எரித்த கரியாற் சித்திரம் தீட்டினார் சிறுவர். ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துப் பொருளீட்டினார். பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 1924-இற் பட்டம் பெற்றார். பின்னர் வந்த பொருளாதார மந்தத்தினால் வேலையற்றிருந்த நாட்களிற் குடும்பத்தைத் தாங்கியது மனைவியார் எஸ்தரின் சம்பளமே.

1950-இல் ரோமாபுரி சென்று தங்கியதே அவர் வாழ்வின் திருப்பமெனலாம். அங்கும், கிரேக்க எகிப்து நாடுகளிலும், இடிந்து நிற்கும் பழங்கட்டடங்களை நெடுநேரம் நோக்கி வரைந்தார். கண்ணாடியும் மெல்லிய இரும்புமே புதுமையெனக் கட்டடக் கலைஞர் கருதிய காலம் அது. இவரோ சுவரின் கனத்தையும், அதன்மேல் விழும் வெயிலையும் நிழலையும் கற்றுத் திரும்பினார். யேல் சர்வகலாசாலைக்கு இவர் அமைத்த சித்திரசாலை 1953-இல் திறக்கப்பட்டபோது இவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவ்வேலையில் ஆன் டிங் என்னும் பெண்மணியின் நுண்ணறிவிற்குப் பெரும் பங்குண்டு. அப்பங்கு அந்நாளில் உரியவாறு பேசப்பட்டிலது.

பிலடெல்பியாவில் இவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆராய்ச்சிச்சாலையிற் படிக்கட்டுகளையும் காற்றுக் குழாய்களையும் தனிக் கோபுரங்களில் ஒதுக்கினார். அதனைக் காண வந்தோர் புகழ்ந்தனர். உள்ளிருந்து உழைத்த விஞ்ஞானிகளோ கண்கூசும் வெயிலைத் தாளாது ஜன்னல்களை மறைத்தனர். அக்குறை, போலியோ நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட சால்க்குக்காகக் கலிபோர்னியாவிற் கட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் இல்லை. இருமருங்கும் கட்டடங்கள், நடுவே மரமொன்றுமில்லாக் கல்முற்றம், அதன் நடுவே பசிபிக் பெருங்கடலை நோக்கி ஓடும் மெல்லிய நீர்க்கால். இவருடைய கட்டடங்களுள் இதனையே முதலில் வைப்போம் நாம்.

1962-இல் கீழ்நாட்டில் இருபெரும் பணிகள் இவரை அடைந்தன. ஒன்று ஆமதாபாத்திலுள்ள இந்திய நிர்வாகக் கல்லூரி. மற்றொன்று டாக்கா நகரின் சட்டமன்றம். ஆமதாபாத்தில் இவர் கொண்ட பொருள் அவ்வூர்ச் செங்கல்லே. செங்கல் வளைவு தன் பாரத்தால் இருபுறமும் விரிந்து தள்ளும்; அதனைக் கான்கிரீட் உத்தரத்தாற் பிணைத்து நிறுத்தினார். டாக்காவிலோ உயர்ந்த யந்திரங்கள் இல. மூங்கிற் சாரத்தின்மீது ஆணும் பெண்ணும் தலைச்சுமையாகக் கலவை ஏற்றினர். ஐந்தடி உயரத்திற்கு ஒருமுறை வார்த்து, பொருத்துத் தெரியாவண்ணம் சலவைக்கற் பட்டையிட்டனர். கைவேலையின் குறையையே அணியாக்கிய இவ்வுபாயம் போற்றத்தக்கது.

இல்வாழ்க்கையை நோக்குமிடத்து இப்புகழுரை நமக்கு எளிதில் வாராது. மனைவியாரன்றி வேறிரு பெண்டிர்பாலும் இவருக்கு மக்கள் உளர். அவர்கள் தந்தையைச் சிற்சில வேளைகளிற் கண்டதே மிகுதி. இராப்பகலாய் வேலை செய்தார், கணக்குப் பாராது செலவிட்டார், கடன் பெருகியது. மாணாக்கருக்கு மட்டும் இவர் நேரத்தைக் குறைத்தாரல்லர்; 1947-இல் தொடங்கிய ஆசிரியத் தொழிலை இறுதிவரை விடவில்லை.

1974-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆந் தேதி, ஆமதாபாத்தினின்றும் திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பினால் உயிர் நீத்தார். கடவுச்சீட்டில் முகவரி அடிக்கப்பட்டிருந்தமையால், இன்னாரென்றறியாது அவ்வுடல் சில நாள் பிணவறையிற் கிடந்தது.

டாக்காவின் வேலை அப்போது முற்றுப்பெறவில்லை. தொடங்கியபோது அந்நிலம் பாகிஸ்தானின் கீழ்ப்பகுதி. 1971-இற் போர் மூண்டு வேலை நின்றது. பின்னர் வங்காளதேசம் என்னும் புதிய நாட்டினர் அதனை மீளத் தொடங்கினர். 1982-இல் மன்றம் நிறைவெய்தியது. நீர்நிலையின் நடுவே நிற்கும் அதன் உருவத்தை அவ்வேழை நாட்டினர் தம் பணத்தாள்களிற் பொறித்துக்கொண்டனர்.