பார்வையிழந்த படையினருக்குத் தொழில் கொடுத்த பத்திரிகை முதலாளி: சேர் ஆதர் பியர்சன்

1921 டிசெம்பர் 9ஆம் திகதி, லண்டனில் ஒரு மனிதர் தனது வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தலையில் அடிபட்டு மயங்கியவர் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கி இறந்துபோனார். வயது 55. கண்பார்வை இல்லாதவர். பெயர் சேர் ஆதர் பியர்சன். முதலாம் உலகப்போரில் கண்களை இழந்த பிரித்தானியப் படையினருக்காக அவர் தொடங்கிய அமைப்பு நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கள் மண்ணில் போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாகிவிட்டது. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் பார்வையிழந்தவர்கள் இன்னமும் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். பியர்சனின் கதையை நான் தேடிப் படித்தது அவர்களை நினைத்துத்தான்.

அவர் 1866இல் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். 1884இல் ஒரு வாரப் பத்திரிகை பொது அறிவுப் போட்டி ஒன்றை நடத்தியது. பரிசு, அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு எழுதுவினைஞர் வேலை. விடை தேடி பெட்ஃபோர்ட் நகர நூலகத்துக்கு நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துப் போய்வந்த அந்த இளைஞன் போட்டியில் வென்றான். 1890இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை. 1892இல் லண்டன் சேரிப் பிள்ளைகளை ஒரு நாளைக்காவது நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு நிதியம். 1900இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ். மற்றப் பத்திரிகைகள் முதற்பக்கத்தை விளம்பரங்களால் நிரப்பிய காலத்தில் அவர் அங்கே செய்தியைப் போட்டார்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவரது பத்திரிகை பேரரசின் பக்கம் நின்ற பத்திரிகை. இளைஞர்களைப் போருக்கு அனுப்பிய மனநிலையை வளர்த்ததில் அப்படிப்பட்ட பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

செல்வாக்கின் உச்சியில் இருந்தபோது குளுக்கோமா நோய் அவரது கண்களைப் பிடித்தது. 1908இல் சத்திரசிகிச்சை செய்தும் பார்வை மீளவில்லை. பத்திரிகைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. தன் உடுப்பைத் தானே எடுத்துப் போடவும், தானே நடமாடவும் பழகினார். 1914இல் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் தலைவரானார். பத்திரிகை விற்ற அதே சாமர்த்தியத்தோடு நிதி திரட்டினார். ஆண்டுக்கு 8,000 பவுணாக இருந்த அந்த நிறுவனத்தின் வருமானம் எட்டு ஆண்டுகளில் 360,000 பவுணைத் தொட்டது.

இதற்கிடையில் போர் வந்துவிட்டது. போர்க்களத்தில் பார்வையிழந்த இளைஞர்கள் லண்டன் வைத்தியசாலைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1915 ஜனவரியில் பியர்சன் அவர்களுக்கென ஒரு குழுவை அமைத்தார். சில மாதங்களில் ஒரு செல்வந்தர் இரவல் கொடுத்த றீஜென்ற்ஸ் பூங்கா மாளிகைக்கு இடம் மாறினார்கள். அந்த மாளிகையின் பெயரான 'சென் டன்ஸ்ரன்ஸ்' அமைப்பின் பெயராகவும் நிலைத்தது.

பியர்சன் வைத்தியசாலைக் கட்டிலருகே போய் உட்காருவார். தானும் பார்வையற்றவன் என்று சொல்வார். பிறகு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுப்பார். கண்ணாடி மூடியைத் திறந்து, முட்களையும் புள்ளிகளையும் விரலால் தடவி நேரம் பார்க்கும் கடிகாரம் அது. நேரம் என்னவென்று இன்னொருவரிடம் கேட்கத் தேவையில்லை என்பதுதான் அந்த இளைஞன் பெறும் முதற் சுதந்திரம். நிவாரணப் பொதிக்கு முன்னால் கடிகாரம் கொடுக்கத் தோன்றிய அந்த மனம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

மாளிகைக்குள் நடைபாதையாக நீளமான கம்பளத் துண்டுகள் விரிக்கப்பட்டிருந்தன. கால் கம்பளத்தில் இருக்கும்வரை எதிலும் முட்டுப்படாமல் நடக்கலாம். பிரெயில் எழுத்தும் தட்டச்சும் கற்பித்தார்கள். ஆசிரியர்களிலும் பார்வையற்றவர்கள் இருந்தார்கள். தச்சுவேலை, கூடை பின்னுதல், பாய் முடைதல், சப்பாத்துத் திருத்துதல், கோழி வளர்ப்பு, தொலைபேசி இணைப்பு வேலை, உடற்பிடிப்பு மருத்துவம் என்று தொழில்களும் இருந்தன. தட்டச்சுத் தேர்வில் தேறியவருக்குத் தட்டச்சுப்பொறி சொந்தமாகக் கிடைத்தது. மாலையில் படகோட்டமும் நடனமும் நடந்தன. பரிதாபப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பியர்சனின் பெரிய வேலை பயிற்சி முடிந்த பிறகுதான் தொடங்கியது. ஊருக்குத் திரும்பியவனை அவர் விட்டுவிடவில்லை. அவனது வீட்டுக்கு ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். வேலையின் தரம் குறைந்தால் மறுபடி பழக்கினார்கள். மூலப்பொருளை மலிவாக வாங்கிக் கொடுத்தார்கள். செய்த கூடையையும் பாயையும் விற்றும் கொடுத்தார்கள். ஒருமுறை அந்த வீட்டுக்குள் வந்தவன் சாகும்வரை அந்த வீட்டுப் பிள்ளை என்பதே ஏற்பாடு.

இதைப் படித்தபோது எனக்கு என் தம்பியின் ஞாபகம் வந்தது. 2009 ஏப்ரலில் செல் சிதறலில் அவனுக்கு இரண்டு கண்களும் போயின. மீள்குடியேறிய பின் ஒரு நிறுவனம் வந்து கோழிக்கூடும் ஐம்பது குஞ்சுகளும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது. மூன்றாம் மாதம் நோய் வந்து குஞ்சுகள் செத்தன. மருந்து கேட்க ஆளில்லை. இன்னொரு நிறுவனம் தும்புத்தடி கட்டப் பழக்கியது. நன்றாகவே கட்டினான். தும்பு வாங்கித் தரவோ, கட்டியதை விற்றுத் தரவோ ஒருவரும் வரவில்லை. இரண்டு தொழிலுமே பியர்சனின் ஆட்கள் செய்து பிழைத்த தொழில்களை ஒத்தவைதான். எங்களிடம் இல்லாமற் போனது, பிறகும் வந்து பார்க்கும் அந்தக் கால்கள்.

வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. பியர்சனின் ஆட்கள் வென்ற நாட்டின் படையினர். அவர்களுக்கு அரச ஓய்வூதியம் இருந்தது. நாடே நிதி கொடுத்தது. அங்கேயும் அதிகாரிகளுக்கு ஒரு வீடு, சாதாரண சிப்பாய்க்கு வேறு வீடு என்ற பாகுபாடு இருந்தது. இலங்கையிலும் காயப்பட்ட அரச படையினருக்கு ஓய்வூதியமும் நலன்புரி அமைப்புகளும் உண்டு. தோற்ற பக்கத்தில் நின்றவர்களுக்கும், எந்தப் பக்கத்திலும் நிற்காமல் பதுங்குகுழிக்குள் கண்ணை இழந்த சிறுமிக்கும் அப்படி ஒன்றுமில்லை. ஆகவே இந்த வேலை எங்கள் சமூகத்தின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

பியர்சனுக்குப் பிறகு அமைப்பைப் பொறுப்பேற்றவர் இயன் பிரேசர். 1916இல் சொம் போர்க்களத்தில் பார்வையிழந்து, அந்த வீட்டிலேயே பயின்றவர். 24 வயதில் தலைவரான அவர் 1974வரை அதை நடத்தினார். பயனாளியாக வந்தவனிடமே நிர்வாகத்தைக் கொடுத்ததால்தான் நிறுவனர் இறந்த பின்னும் அமைப்பு நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். இன்று அது வேறு பெயரில், எந்தக் காரணத்தால் பார்வை இழந்தாலும் முன்னாள் படையினரை ஏற்றுக்கொள்கிறது.

அதே வீட்டில் பயின்ற இன்னொருவர் நியூசிலாந்தின் குளுதா மக்கன்சி. 1915இல் கலிப்பொலியில் கண்களை இழந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டேராடூனில் பார்வையிழந்த இந்தியப் படையினருக்குப் பயிற்சி நிலையம் அமைக்க உழைத்தார். பின்னர் யுனெஸ்கோவில் இருந்தபடி உலக மொழிகளின் பிரெயில் எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் பணியை முன்னெடுத்தார். 1951 அளவில் உருவான பாரதி பிரெயில் முறை அந்தப் பணியோடு சேர்ந்தது. தமிழ் பிரெயிலும் அதற்குள் அடங்கும். லண்டனில் ஒரு பத்திரிகை முதலாளி தொடங்கிய வேலையின் ஒரு நுனி, எங்கள் பிள்ளைகளின் விரல் நுனிவரை வந்திருக்கிறது.

புலம்பெயர் உறவுகளுக்கும் ஊரில் உதவி செய்பவர்களுக்கும் நான் கேட்பது ஒன்றுதான். நூறு பேருக்கு ஒருநாள் பொதி கொடுப்பதை விட, பத்துப் பேரைப் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பெடுங்கள். மூலப்பொருளையும் சந்தையையும் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டத்தை நடத்தும் குழுவில் பார்வையிழந்த ஒருவரையாவது உட்கார வையுங்கள். குஞ்சு கொடுத்த மூன்றாம் மாதம் அந்த வீட்டு வாசலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.