நரிக்கு உயிர் தந்த கை

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

மரத்தாலும் துணியாலும் செய்த ஒரு நரி அழுதால், அதைக் கண்டு மனிதர் அழுவார்களா? அழுவார்கள் என்று இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மெய்ப்பித்து வருகிறது ஜப்பானியப் பாவைக்கூத்து. அந்த அழுகைக்கு வழி அமைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் யோஷிடா புன்சபுரோ என்னும் கலைஞர். அரசர் வரலாறும் அறிஞர் வரலாறும் நாம் நிறையப் படிக்கிறோம். பாவையின் முதுகுக்குப் பின்னால் நின்று வாழ்நாளைக் கழித்த ஒருவரின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போமே!

அரங்கில் வளர்ந்தவர்

ஒசாகா நகரில் டோட்டன்போரி என்பது கால்வாய் ஓரத்து அரங்கத் தெரு. டாக்கெமோட்டோ கிடாயு என்னும் பாடகர் 1684-இல் அங்கே ஒரு பாவைக்கூத்து அரங்கை நிறுவினார். ஜப்பானின் ஷேக்ஸ்பியர் என்று போற்றப்படும் சிக்கமட்சு மொன்சயெமோன் அந்த அரங்குக்காகவே பல நாடகங்களை எழுதினார். 1715-இல் அரங்கேறிய அவருடைய நாடகம் ஒன்று பதினேழு மாதங்கள் தொடர்ந்து நடந்ததாம். அத்தகைய பொற்காலத்தில், பாவை ஆட்டுவதையே தொழிலாகக் கொண்ட யோஷிடா சபுரோபெய்யின் மகனாக வளர்ந்தவர் புன்சபுரோ. 1717-இல் அவரும் அதே அரங்கில் மேடையேறினார்.

அந்நாளில் பாவைக்கூத்தில் பாடகருக்கே முதலிடம். கதை சொல்பவரும் அவரே. ஆண் குரல், பெண் குரல், குழந்தைக் குரல் எல்லாம் அவர் தொண்டையிலிருந்தே வரும். ஷாமிஸென் என்னும் மூன்று நரம்புக் கருவி உடன் இசைக்கும். பாவையோ சிறியது, ஒரே ஆள் கையில் தூக்கி ஆட்டுவது. கதையைக் காதால் கேட்க வந்தவர்களுக்குக் கண்ணுக்கும் கொஞ்சம் வேலை கொடுத்தது பாவை, அவ்வளவே.

மூவர் சேர்ந்தால் ஓருயிர்

இந்நிலை மெல்ல மாறியது. 1733-இல் பாவையின் விரல்கள் அசையலாயின. அடுத்த ஆண்டு, 1734-இல், டக்கெடா இஸுமோ எழுதிய ஒரு நாடகத்தில் புதுமுறை ஒன்று மேடைக்கு வந்தது. ஒரு பாவையை மூவர் சேர்ந்து ஆட்டும் முறை அது. இதைத் தோற்றுவித்த பெருமையைப் புன்சபுரோவுக்கே வழங்குகின்றனர்.

முதல்வர் தம் இடக்கையைப் பாவையின் உடலுக்குள் செலுத்தித் தலையைத் தாங்குவார். வலக்கையால் பாவையின் வலக்கையை இயக்குவார். இரண்டாமவர் இடக்கைக்கு மட்டும் பொறுப்பு. மூன்றாமவர் குனிந்தபடியே நின்று கால்களை நடத்துவார். மூவரும் ஒரே மூச்சில் இயங்க வேண்டும். ஒருவர் ஒரு நொடி பிந்தினாலும் பாவை மரமாகிவிடும். கால் ஆட்டப் பத்தாண்டு, இடக்கைக்குப் பத்தாண்டு பயிற்சி வேண்டும் என்பது அக்கலையின் மரபுமொழி. நம் பட்டப் படிப்போ மூன்றே ஆண்டுகள்!

இம்முறை முதலில் வந்த அந்த நாடகத்தின் கதையும் ஒரு நரியைப் பற்றியதே. வேடரிடமிருந்து தன்னைக் காத்த ஒருவனுக்கு நன்றி செலுத்த, ஒரு வெள்ளை நரி அவனுக்கு மணம் பேசிய பெண்ணின் உருவில் வந்து மனைவியாகிறது. ஒரு மகனையும் பெறுகிறது. ஆண்டுகள் சென்றபின் உண்மையான பெண் வந்து சேர, நரித்தாய் உறங்கும் குழந்தையை விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிறாள்.

முரசைத் தொடர்ந்த குட்டி

புன்சபுரோவின் புகழ் உச்சியைத் தொட்டது 1747-இல். இரண்டாம் டக்கெடா இஸுமோவும் மற்றும் இருவரும் சேர்ந்து எழுதிய யோஷிட்ஸுனேயும் ஆயிரம் செர்ரி மரங்களும் என்னும் நாடகம் அவ்வாண்டு அரங்கேறியது. யோஷிட்ஸுனே ஒரு பெருவீரன். சொந்த அண்ணனாலேயே துரத்தப்படுபவன். அவன் தன் காதலி ஷிஸுகாவிடம் ஒரு முரசைக் கொடுத்துவிட்டுப் பிரிகிறான். தடநோபு என்னும் வீரன் அவளுக்குக் காவலாக வருகிறான். அவள் முரசைத் தட்டும்போதெல்லாம் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறான்.

பிறகுதான் உண்மை வெளிப்படுகிறது. அவன் தடநோபு அல்லன், ஒரு நரிக்குட்டி. முன்னொரு காலத்தில் மழை வேண்டி முரசு செய்வதற்காக இரண்டு நரிகளைக் கொன்று தோல் உரித்தார்கள். அந்த இரண்டும் அக்குட்டியின் தாயும் தந்தையும். முரசின் ஒலி அதற்குப் பெற்றோரின் குரல். அந்தக் குரலைக் கேட்கவே மனித உருவில் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. உண்மை தெரிந்தபின் அது பிரிந்து செல்ல, முரசு தட்டினாலும் ஒலிக்க மறுக்கிறது. உற்றாரை இழந்த யோஷிட்ஸுனே மனம் கரைந்து முரசையே அந்த நரிக்குத் தந்துவிடுகிறான்.

இந்த நரித் தடநோபுவை ஆட்டியவர் புன்சபுரோ. வீரனின் பாவை மறைந்து வெள்ளை நரிப்பாவை மேடையில் தோன்றும் இடம் இன்றும் காண்போரை உலுக்குவது. மனிதனை ஆட்ட மூவர் தேவை. நரியை ஆட்ட ஒருவர் போதும். ஒரு கையின் நடுக்கம்தான் குட்டியின் நடுக்கம். ஒரு மனிதரின் மூச்சுதான் அதன் மூச்சு. முரசைக் கண்டதும் தலை திரும்ப வேண்டும், உடல் தாழ வேண்டும், அருகே செல்லத் தயங்க வேண்டும். மனித நடிகர் கண்ணீர் விட்டால் நடிப்பு என்று நாம் அறிவோம். விலங்குப் பாவைக்கோ கண்ணீரும் இல்லை, நடிக்கத் தெரியவும் தெரியாது. ஆகவே எஞ்சியதை நம் நெஞ்சே இட்டு நிரப்புகிறது.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மெய்யான நரிக்குட்டி வளர்ந்ததும் பெற்றோரை விட்டு விலகித் தன் வழி போய்விடும். பாடநூல் அதைத்தான் சொல்லும். ஆனால் தோல் வெறும் தோல் அன்று என்பதை மாடு வளர்க்கும் வீட்டார் அறிவர். கன்றை இழந்த பசுவின் முன்னே, அக்கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அதைப் பார்த்தபடி பால் கறப்பவரின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்த நாடகத்தைக் கதை என்று ஒதுக்கமாட்டார்கள். அங்கே தாய், குட்டியின் தோலை நக்குகிறது. இங்கே குட்டி, பெற்றோரின் தோலைத் தேடி வருகிறது.

குரலா? கையா?

பாவைக்கு உயிர் வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. உயிருள்ளதற்கு நேரம் வேண்டும் அல்லவா? 1748-இல் சுஷிங்குரா என்னும் புகழ்பெற்ற நாடகம் அரங்கேறியபோது, ஒன்பதாம் அங்கத்தில் பாவையின் அசைவுக்கு ஏற்பப் பாட்டின் போக்கை மாற்றித் தருமாறு புன்சபுரோ பாடகர் டாக்கெமோட்டோ கொனோடாயுவைக் கேட்டார். பாவைதான் பாட்டைத் தொடர வேண்டும் என்பது காலங்காலமான முறை. பாடகர் மறுத்தார். அரங்கின் தலைவர் இரண்டாம் இஸுமோ புன்சபுரோவின் பக்கம் நின்றார். விளைவு? கொனோடாயு தம்மைச் சேர்ந்த சிலருடன் போட்டி அரங்கான டொயொடாக்கெவுக்குச் சென்றுவிட்டார். இரு அரங்குகளும் தனித்தனியே காத்து வந்த பாடும் பாணிகள் அன்றோடு கலந்தன.

கை வென்றது. ஆனால் அந்த அரங்கு ஒரு பெரிய குரலை இழந்தது. வென்றவரை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. புதிதாகக் கண்டவருக்கும் பழையதைக் காத்தவருக்கும் இடையே நடந்த வழக்கு அது. இருவர் கையிலும் நியாயம் இருந்தது.

இறுதி நாட்கள்

புன்சபுரோ ஆட்டுவதோடு நிற்கவில்லை. யோஷிடா கன்ஷி என்ற பெயரில் நாடகமும் எழுதினார். 1751-இல் மியோஷி ஷோராக்குவுடன் சேர்ந்து எழுதிய நாடகத்தில், தன் மகனையே மகன் என்று சொல்ல முடியாமல் அனுப்பிவிடும் ஒரு தாய் வருகிறாள். பிள்ளையைப் பிரிந்த நரித்தாய், பெற்றோரைத் தேடிய நரிக்குட்டி, மகனை அறிந்தும் தழுவ முடியாத மனிதத்தாய் என்று ஒரே துயரம் அவர் கையைத் தொடர்ந்து வந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

1759-இல் அவர் தனியே ஓர் அரங்கு அமைக்க முயன்றார். முயற்சி கைகூடவில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்த அரங்கையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1760-இல், மறைந்தார். அந்த அரங்கும் சில ஆண்டுகளில் ஒளி குன்றியது. ஆனால் மூவர் முறை மறையவில்லை. புன்ராக்கு என்ற பெயரில் அக்கலை தொடர்ந்தது. 1984-இல் ஒசாகாவில் அதற்கெனத் தேசிய அரங்கு திறக்கப்பட்டது. 2003-இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. 2007-இல் லண்டன் தேசிய அரங்கில் போர்க்குதிரை என்னும் நாடகம் வந்தபோது, தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் பிரம்பால் செய்த குதிரையை, தலைக்கு ஒருவர், முன்னுடலுக்கு ஒருவர், பின்னுடலுக்கு ஒருவர் என மூவரே இயக்கினர். ஆட்டுபவர்கள் கண்முன்னே தெரிந்தும், மக்கள் குதிரைக்காகவே கண் கலங்கினர்.

நண்பர்களே! பாவை உயிரற்றது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே நாம் அதற்கு இரங்குகிறோம். உயிரற்ற நரிக்கு இரங்கத் தெரிந்த நெஞ்சு, உயிருள்ளதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? புன்சபுரோ சொல்லால் எதையும் கேட்டவர் அல்லர். ஆனால் அவர் கை அசைத்த நரி அந்தக் கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.