விண்ணுக்கு வழி கண்ட விக்ரம் சாராபாய்

தமக்காக உழைப்பவர் பலர். தாம் காணப்போகாத நாளுக்காக உழைப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

அவர் 1919 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள் அகமதாபாத் நகரில், ஆலை அதிபர் அம்பாலாலுக்கும் சரளாதேவிக்கும் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். விண்வெளியிலிருந்து மிகுந்த வேகத்தோடு வரும் மின்னேற்றம் பெற்ற துகள்களே அவை. 1942 இல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். செல்வத்தில் திளைத்து வாழ வழியிருந்தும், 1947 இல் தம் 28 ஆம் வயதில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார்.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டனர். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வியும், உழவர்களுக்கு வானிலைச் செய்தியும் செயற்கைக்கோளால் கிட்டும் என்று அவர் நம்பினார். மழையை எதிர்பார்த்தே விதைக்கும் எங்கள் தருமபுரி மாவட்டத்து மானாவாரி உழவர்களைக் கண்டால், அந்த நம்பிக்கையின் அருமை விளங்கும்.

ராக்கெட் ஏவக் கேரளத்தின் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே புனித மரிய மதலேனாள் ஆலயம் இருந்தது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவை அணுகினார். ஆயர் ஆலயத்தில் கூடியிருந்த இறைமக்களிடம் ஒப்புதல் கேட்டார். அந்த எளிய மீனவ மக்கள் தங்கள் ஆலயத்தையே மனமுவந்து அளித்தனர். ஜெபம் செய்த இடம் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது.

1971 டிசம்பர் 30 அன்று, 52 ஆம் வயதில், கோவளத்தில் அவர் உயிர் பிரிந்தது. 1975 இல் பறந்த ஆரியபட்டாவைக் காண அவர் இல்லை.

ஆனால் அவர் விதைத்தது வளர்ந்தது. செயற்கைக்கோளின் எடையில் ஏறத்தாழப் பாதி எரிபொருளாகவே போய்விடுவதுண்டு. அச்சுமையைக் குறைப்பது மின் உந்துவிசை. செனான் வாயுவுக்கு மின்னேற்றம் தந்து, மின்புலத்தால் அதிவேகமாக வெளித்தள்ளினால் விண்கலம் முன்னே நகரும். 2017 இல் ஜிசாட்-9 செயற்கைக்கோளில் இம்முறை பயன்பட்டது. 2025 மார்ச்சில், 300 மில்லிநியூட்டன் விசையுள்ள பெரிய பொறியை 1000 மணி நேரம் இயக்கிச் சோதித்தது இஸ்ரோ. 5.4 கிலோவாட் மின்சாரத்தில் இயங்கினாலும், அதன் தள்ளுவிசை பாதிக் கோழிமுட்டையின் எடை அளவே! எனினும் காற்றின் தடையில்லாத விண்வெளியில் விடாது தள்ளித் தள்ளி, பல டன் எடையுள்ள கலத்தையும் உயர்த்திவிடும். சாராபாய் ஆராய்ந்த மின்னேற்றத் துகள்களை விண்ணில் படைத்தது இயற்கை. இன்று அவர் வழிவந்தோர் தாமே அத்தகைய துகள்களை உண்டாக்கிக் கலம் செலுத்துகின்றனர்.

அன்புத் தோழியரே! நம் அன்றாட முயற்சியும் சிறிதுதான். அதை விடாமல் தொடர்ந்தால் நாமும் உயரலாம். தும்பா மக்களைப் போலக் கொடுக்கவும், சாராபாயைப் போலப் பிறருக்காக உழைக்கவும் கற்றுக்கொள்வோம்.