இருபத்தைந்து வயதில் மீண்டும் மாணவி

அடையாறு திரு.வி.க. பாலத்தைக் கடந்து வடக்கே மயிலாப்பூர் நோக்கிச் செல்லும் சாலையின் பெயர் டாக்டர் துர்காபாய் தேஷ்முக் சாலை. ஆந்திர மகிள சபாவின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடந்துபோகும் அந்தச் சாலையில், பெயர்ப்பலகையில் உள்ளவர் யார் என்று கேட்டால் சிலர் அரசியலமைப்பு அவை உறுப்பினர் என்பார்கள். இன்னும் சிலர், 1923-ல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த கதர்க் கண்காட்சியில், நுழைவுச்சீட்டு இல்லாமல் வந்த நேருவை வாசலிலேயே நிறுத்திய பதினான்கு வயதுச் சிறுமி என்பார்கள். அழகான கதைதான். ஆனால், அந்தக் கதை அவரை என்றென்றைக்கும் சிறுமியாகவே நிறுத்திவிடுகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

செவிலியர் கல்வியில் ஆசிரியையாக நெடுங்காலம் இருந்தவள் நான். துர்காபாய் எனக்கு முக்கியமானவராக இருப்பதற்குக் காரணம் வேறு. வயது வந்த பிறகு, கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டே, படிப்புக்குத் திரும்பும் பெண்ணுக்கு என்னவெல்லாம் தேவை என்பதைத் தன் உடம்பால் அறிந்தவர் அவர். அறிந்ததோடு நிற்காமல், அதை அரசாங்கத் திட்டமாகவும் ஆக்கினார்.

1909 ஜூலை 15 அன்று ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் திருமணம் செய்துவைத்தார்கள். விவரம் தெரிந்த வயதில் அந்த மண வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று கணவரிடமே சொல்லி விலகிக்கொண்டார். பன்னிரண்டு வயதில் பள்ளியையும் விட்டார். ஆங்கில வழிக் கல்வி திணிக்கப்படுவதை ஏற்க மறுத்து எடுத்த முடிவு அது. விட்ட கையோடு ராஜமுந்திரியில் பெண்களுக்காக ஒரு இந்திப் பள்ளியைத் தொடங்கி, தன்னைவிட மூத்த பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பள்ளியைத் துறந்த பிள்ளை பள்ளி நடத்தியது. 

1930-ல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகம். பிரகாசம் போன்ற தலைவர்கள் கைதானபோது முன்வரிசைக்கு வந்த துர்காபாய்க்கு வயது இருபத்தொன்றுதான் நெருங்கிக்கொண்டிருந்தது. 1930-க்கும் 1933-க்கும் இடையில் மூன்று முறை சிறை. வேலூர் சிறையில் உடனிருந்த எழுத்தறியாத பெண் கைதிகளின் கதைகள் அவரைக் குலைத்தன. தம் மீதான வழக்கு என்ன, எதற்காகத் தண்டனை என்பதைக்கூட விளங்கிக்கொள்ள முடியாமல் உள்ளே கிடந்தவர்கள் அவர்கள். மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடி. வெளியே வந்தபோது உடல்நலம் கெட்டிருந்தது. சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் உறுதிப்பட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் வாழ்க்கை வரலாறுகள் அவசரப்படுகின்றன. விடுதலையான பின் படித்துப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார் என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வரிக்குள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அடைந்து கிடக்கின்றன. பன்னிரண்டு வயதோடு நின்றுபோன படிப்பு அது. சட்டம் படிக்கப் பட்டம் வேண்டும், பட்டத்துக்கு இடைநிலை வகுப்பு வேண்டும், அதற்கு மெட்ரிகுலேஷன் வேண்டும், அதற்கு ஆங்கிலம் வேண்டும். எந்த மொழியின் திணிப்பை எதிர்த்துப் பள்ளியை விட்டாரோ, அந்த மொழியை ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்து, இருபத்தைந்தை ஒட்டிய வயதில், கற்க உட்கார்ந்தார். ஊரறிந்த தலைவி, சிறுபிள்ளைகளின் பாடநூலோடு. இதற்குத் தேவைப்பட்ட துணிவு உப்புக் காய்ச்சியதற்குத் தேவைப்பட்டதைவிடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சிறைக்குப் போகும்போது கூட்டம் வாழ்த்தி அனுப்பும். முப்பதை நெருங்கும் வயதில் பள்ளிப்பாடம் படிப்பவரை வீட்டாரே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியும் என்பது அவருக்குக் கிடைத்த முதல் கதவு. பின்னர், அரசியல் அறிவியல் படிக்க ஆந்திரப் பல்கலைக்கழகத்தை அணுகினார். அப்போதைய துணைவேந்தர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியின் தயக்கம் வேறு மாதிரியானது: வால்டேரில் பெண்களுக்கு விடுதி இல்லை. துர்காபாய் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, தன்னைப் போலவே படிக்க விரும்பி விடுதியில்லாமல் தவித்த பெண்களைத் திரட்டி, ஒரு விடுதியைத் தானே உருவாக்கிக்கொண்டு சேர்ந்தார். தனக்கு ஒரு இடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு போயிருக்கலாம். அவருடைய ஆளுமைக்கு அது கிடைத்தும் இருக்கும்.

படிப்புக்கு நடுவே வேலையும் நடந்தது. 1937-ல் மயிலாப்பூரில், குடும்பத்தார் குடியிருந்த வீட்டில், அக்கம்பக்கத்துத் தெலுங்குச் சிறுமிகளைக் கூட்டி அவர் தொடங்கிய சிறு மன்றம்தான் ஆந்திர மகிள சபாவின் வித்து. கொஞ்ச நாளில் அங்கே வந்தவர்கள் சிறுமிகள் மட்டுமல்லர். பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களும், கணவனை இழந்தவர்களும் வந்தார்கள். தான் எழுதிய அதே பனாரஸ் மெட்ரிகுலேஷனுக்கு அவர்களைத் தயார்செய்யும் வகுப்புகள் தொடங்கின. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய சட்டக் கல்லூரியில் மாணவி, மயிலாப்பூரில் ஆசிரியை, நிர்வாகி, நன்கொடை திரட்டுபவர் என்று அவருடைய நாள்கள் பிரிந்திருந்தன. 1940-களின் தொடக்கத்தில் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞரானபோது அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது. அதற்குள் சபாவும் வளர்ந்திருந்தது. பிற்பாடு கைத்தொழில் பயிற்சி, மருத்துவமனை, செவிலியர் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அதன் பணிகள் அடையாற்றங்கரை வரை நீண்டன.

அரசியலமைப்பு அவையில் 1946 முதல் அவர் ஆற்றிய பணியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. அதே 1946-ல் நடந்த வேறு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். போர் குழு, இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து, நாட்டில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கை முன்வைத்தது. அவர் சிறையிருந்த அதே வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. டெல்லியிலும் அதே ஆண்டு தொடங்கியது. நாட்டில் செவிலியத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைத்தது அப்போதுதான்.

சுதந்திர இந்தியா ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டியபோது இந்தப் பற்றாக்குறை எங்கும் முட்டிக்கொண்டு நின்றது. கிராமங்களுக்குத் துணைச் செவிலியர் வேண்டும், மருத்துவச்சி வேண்டும், கிராம சேவிகா வேண்டும், ஆசிரியை வேண்டும். பணியிடம் இருந்தது, பணமும் ஓரளவு இருந்தது. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த பெண்கள் இல்லை. அந்தந்த ஊரில் வாழ்ந்து, அந்தந்த மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த பெண்கள் மூன்றாம் வகுப்போடும் ஐந்தாம் வகுப்போடும் நின்றிருந்தார்கள். திட்டக் குழு உறுப்பினராகவும், 1953-ல் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்த துர்காபாய்க்கு இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூர் வீட்டு வகுப்பே விடையாக இருந்தது. 1958-ல் வாரியம் தொடங்கிய, வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டம் அந்த வகுப்பின் விரிந்த வடிவம். விட்ட இடத்திலிருந்து சுமார் இரண்டே ஆண்டுகளில் பொதுத் தேர்வுக்குத் தயார்செய்வது. தங்கிப் படிக்க இடம் தருவது. படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை தருவது. தேறியவர்கள் செவிலியர் பயிற்சிக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ போகலாம். தொண்டு நிறுவனங்கள் வழியே அது நாடெங்கும் பரவியது.

அந்தத் திட்டத்தைக் குறையே இல்லாதது என்று போற்ற எனக்கு விருப்பமில்லை. பல ஆண்டுப் படிப்பை இரண்டாண்டில் அடைக்கும்போது கணிதமும் ஆங்கிலமும் இடறும் என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் தெரியும். ஆனால், அதன் அடிப்படை சரியானது. படிக்க வருபவரின் மன உறுதியை அது நம்பியது. அதே சமயம் மன உறுதியை மட்டுமே நம்பி அவரை விட்டுவிடவில்லை. படுக்கையும் சோறும் கைச்செலவுக்குப் பணமும் கல்வியின் பகுதி என்று அது எடுத்துக்கொண்டது.

இதை இன்று எழுதக் காரணம், என் வகுப்புகளில் நான் பார்த்த பெண்கள். வணிகவியலிலோ தமிழிலோ ஒரு பட்டம் வாங்கி, சில ஆண்டு வேலை பார்த்து, பிறகு செவிலியராக வேண்டும் என்று வருகிறவர்கள் முன்பைவிட இப்போது அதிகம் கண்ணில் படுகிறார்கள். பெற்றோரில் ஒருவரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்த அனுபவம் சிலரைத் திருப்பியிருக்கும். வேலைவாய்ப்பு சிலரைத் திருப்பியிருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. தியாகராய நகரின் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டே படித்த ஒரு மாணவி, பகலில் வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, மாலையில் கடைக்குப் போய், இரவு பத்தரை மணிக்கு மேல் வீடு திரும்புவார். மறுநாள் காலை ஏழு மணிக்கு நோயாளியின் இரத்த அழுத்தம் பார்க்க நிற்க வேண்டும். அவர் எப்போது தூங்கினார் என்று நான் கேட்டதில்லை, பதில் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படிக்காத ஒரு பட்டதாரி நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். அதற்கும் 35 என்று வயது வரம்பு நிற்கிறது. பட்டயம் முடித்துப் பதிவுபெற்ற பின், இன்னும் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பு. ஏற்கெனவே பட்டதாரியான ஒருவருக்கு இரண்டாவது பட்டம் வந்துசேர ஐந்தாண்டு. அமெரிக்காவில், வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் அடிப்படை அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் 12 முதல் 18 மாதங்களில் செவிலியர் பட்டம் பெறும் வழி பல பத்தாண்டுகளாக உள்ளது. பிரிட்டனில் இரண்டாண்டு. நம் நாட்டிலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலிருக்கும் பட்டயச் செவிலியர்களுக்காக மூன்றாண்டுப் பட்டப்படிப்பை 1990-களில் தொடங்கியது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை இது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நோயாளியின் அருகில் நின்று கற்க வேண்டிய மணிநேரங்களைக் குறைக்கச் சொல்பவள் அல்ல நான். ஊசி போடுவதை வீட்டிலிருந்து கற்க முடியாது. ஆனால், அந்த மணிநேரங்கள் எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது மனிதர்கள் போடும் அட்டவணைதான். முதல் பட்டத்தில் படித்த ஆங்கிலத்தையும் கணினியையும் மறுபடி படிக்கச் சொல்வதும் மனிதர்கள் போட்ட விதிதான். ஒரு கல்லூரியில் இதைப் பற்றிப் பேசியபோது, வேலையும் வேண்டும் படிப்பும் வேண்டும் என்பவர்கள் இந்தத் தொழிலுக்கு உகந்தவர்கள் அல்லர் என்று ஒரு நிர்வாகி சொன்னார். துர்காபாயை அந்த நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

1953-ல் நிதியமைச்சராக இருந்த சி.டி.தேஷ்முக்கை அவர் மணந்தார். 1958-ல் பெண் கல்விக்கான தேசியக் குழுவுக்குத் தலைமையேற்றார். 1975-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1981 மே 9 அன்று மறைந்தார். இவையெல்லாம் பதிவேடுகளில் உள்ளவை. பதிவேட்டின் ஓரத்தில் கிடக்கும் ஒரு செய்தி எனக்கு இவற்றைவிடப் பெரியது. துர்காபாய் விலகிக்கொண்ட பிறகு அவருடைய முதல் கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். 1941-ல் அந்தக் கணவர் இறந்துபோனார். உறவினர்களால் நல்லபடியாக நடத்தப்படாத அந்த இளம் விதவை, துர்காபாயையே தேடி வந்தார். அவரை ஆந்திர மகிள சபாவில் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார் துர்காபாய். பின்னாளில் அந்தப் பெண் ஐதராபாதில் ஒரு பயிற்சி நிலையத்தில் கைத்தொழில் ஆசிரியை ஆனார்.