படச்சுருள் தேடிய பயணி

நுழையும்முன்

நிகழ்ந்ததை எழுத்தால் உரைப்பது இதழியல். காட்சியால் உரைப்பது ஒளிப்பட இதழியல். இரண்டையும் முறையாகக் கற்ற தமிழர் ஒருவர், ஒரு மாமனிதரின் வாழ்வைப் படச்சுருளில் காக்க உலகை வலம்வந்தார். அவர்தம் உழைப்பின் வரலாற்றை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

உப்பளமும் படச்சுருளும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை அடையும்போது பாத்தி பாத்தியாக விரிந்துகிடக்கும் உப்பளங்களைக் காண்பர். தேக்கிய உவர்நீர் வெயிலில் வற்ற, வெண்ணிற உப்பு விளைகிறது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கடலும் கதிரவனும் வழங்கும் இவ்வுப்பைத் தாமே காய்ச்சி எடுக்கும் உரிமை ஆங்கிலேயர் ஆட்சியில் மக்களுக்கு இல்லை. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் அதனை அரசின் தனியுரிமையாக்கியது. அச்சட்டத்தை மீறவே காந்தியடிகள் 1930ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையை அடைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்து சென்று உப்பெடுத்தனர்.

தண்டி நடைப்பயணத்தின் காட்சிகளைப் பலர் படமெடுத்தனர். ஆயினும், படமெடுத்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை. காப்பாரின்றிக் கிடக்கும் படச்சுருள் காலப்போக்கில் சிதைந்துபோகும். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் பல நாடுகளில், பலரிடம் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் திரட்டும் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவரே ஏ.கே. செட்டியார்.

இளமையும் இதழ்ப்பணியும்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் கருப்பன் செட்டியார். ஏ.கே. செட்டியார் என்னும் பெயரே பின்னாளில் நிலைத்தது. இளமையிலேயே எழுத்தார்வம் கொண்ட அவர், பர்மாவில் வாழ்ந்த நகரத்தார் சமூகத்தின் இதழான ‘தனவணிகன்’ ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். வணிகத்திற்காகக் கடல்கடந்த சமூகத்தில் பிறந்தவர், கல்விக்காகவும் கடல்கடக்க எண்ணினார். இதழாசிரியர் என்னும் தகுதி கைவந்தபின்னும் மீண்டும் மாணவராக அவர் தயங்கவில்லை.

கடல்கடந்த கல்வி

1930களின் நடுப்பகுதியில் ஜப்பான் சென்ற செட்டியார், டோக்கியோவில் ஒளிப்படக்கலை கற்பிக்கும் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் அமெரிக்காவிற்குச் சென்று, நியூயார்க்கில் ஒளிப்படப் பயிற்சி பெற்று 1937இல் அதனை நிறைவு செய்தார்.

அந்நாளில் இக்கலையைக் கற்பது எளிதன்று. இன்றைய கைப்பேசி தானாகச் செய்யும் பணிகளை அன்று படமெடுப்பவரின் கண்ணும் கையும் அறிவும் சேர்ந்தே செய்தன. எவ்வளவு ஒளியை, எவ்வளவு நேரம் படச்சுருளின்மீது விழச் செய்வது என்பதை அவரே கணிக்க வேண்டும். ஒளி மிகுந்தால் காட்சி வெளுத்துவிடும், குறைந்தால் இருண்டுவிடும். எடுத்த படத்தை உடனே பார்க்கவும் இயலாது. இருட்டறையில் வேதிக் கரைசல்களில் நனைத்துப் படச்சுருளைத் துலக்கிய பின்னரே தவறு புலப்படும். அதற்குள் நிகழ்ச்சி முடிந்துபோயிருக்கும்.

செய்திக்காகப் படமெடுப்பவருக்கு மேலும் சில கடமைகள் உண்டு. நிகழ்வில் தலையிடாமல் அதனைப் பதிய வேண்டும். உரிய கணத்திற்குக் காத்திருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் யார், அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பிழையின்றிக் குறிக்க வேண்டும். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத மடலைப் போன்றது. கல்லூரியில் பயின்ற படக்கலையும் இதழ்ப்பணியில் பழகிய செய்தியறிவும் செட்டியாரிடம் ஒருங்கே அமைந்தன. பின்னாளில் அவர் மேற்கொண்ட பெரும்பணிக்கு இவ்விரண்டுமே தேவைப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

படச்சுருளின்மீது ஒளியை ஏற்பது வெள்ளி புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளே. 1830களில் இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பட், உணவு உப்பின் கரைசலில் தோய்த்த தாளில் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, அதனை ஒளியில் வைத்து உருவங்களைப் பதித்தார். ஒளிப்படக்கலையின் தொடக்கத்திலும் உப்புக்கு இடமுண்டு.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அவர்தம் வாழ்வை ஓர் ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் நடுக்கடலில் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கையில் பெரும்பொருள் இல்லை. அரசின் துணையும் இல்லை. நாட்டை ஆண்டவர்களோ, யாரைப் பற்றிப் படமெடுக்க அவர் விரும்பினாரோ, அவரைச் சிறையிலிட்டவர்கள். இத்தடைகளை அறிந்தே அவர் இம்முயற்சியில் இறங்கினார்.

தேடலும் தொகுப்பும்

காந்தியடிகளின் கடந்தகால நிகழ்வுகளை மீண்டும் நடத்திப் படமெடுக்க இயலாது. நடிகரைக்கொண்டு நடிக்கச் செய்தால் அது ஆவணமாகாது. எனவே, அந்தந்தக் காலத்தில் பிறர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் பெறுவது ஒன்றே வழியாயிற்று. அதற்காக இந்தியாவின் பல பகுதிகளுக்கும், ஐரோப்பிய நாடுகளுக்கும், காந்தியடிகளின் அறப்போர் தொடங்கிய தென்னாப்பிரிக்காவிற்கும் அவர் சென்றார். காந்தியடிகளின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரோமன் ரோலந்தையும் நேரில் கண்டார். நெடுந்தொலைவு பயணம் செய்து, முப்பது ஆண்டுக்கால இடைவெளியில் நூற்றுக்கும் குறையாத ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த ஏறக்குறைய 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார். புதிய காட்சிகளைப் பதிவதில் ஒளிப்பதிவாளர் பி.வி. பதி அவருக்குத் துணைநின்றார்.

திரட்டுவதினும் அரிய பணி, தேர்ந்தெடுப்பது. பேசும்படத்தின் வேகத்தில் ஓடவிட்டால் 50,000 அடிச் சுருள் ஒன்பது மணிநேரத்திற்கும் மேலாக ஓடும். அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து, கால வரிசையில் கோத்து, இரண்டு மணிநேரத்தைச் சற்றுக் கடந்த படமாக அமைத்தார். எது வரலாறு, எது வெறுங்காட்சி எனப் பகுத்தறிய இதழாசிரியரின் பயிற்சி இங்கே கைகொடுத்தது.

திரையும் இதழும்

‘மகாத்மா காந்தி’ என்னும் அப்படம் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று தமிழில் வெளியாயிற்று. தெலுங்கு விளக்கவுரையுடனும் அது திரையிடப்பட்டது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. விடுதலைப் போராட்டத்தைக் காட்டும் படத்தை ஆங்கிலேயர் ஆட்சியில் நெடுநாள் தடையின்றிக் காட்டுதல் அரிதாயிற்று. 1947இல் நாடு விடுதலை பெற்ற வேளையில் இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாயிற்று.

செட்டியாரின் தொகுக்கும் உள்ளம் படத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1943இல் ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கிய அவர், பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்துகிடந்த அரிய எழுத்துகளைத் தேடி அதில் மறுபதிப்புச் செய்தார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ முதலிய நூல்களால் தமிழில் பயண இலக்கியத்தை வளர்த்தார். பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தொகுத்து நூலாக்கினார். தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதிய அவர், 1983இல் மறையும்வரை குமரி மலரை நடத்தினார்.

எஞ்சிய படி

உலகெங்கும் சிதறிக்கிடந்த படச்சுருள்களைக் காத்தவரின் படத்திற்கும் காலம் இரங்கவில்லை. 1940இல் மக்கள் கண்ட தமிழ்ப் படம் இன்று காணக் கிடைப்பதில்லை. ஆங்கில வடிவத்தின் படி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதை, வரலாற்றறிஞர் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார். படம் உருவான வரலாற்றைச் செட்டியாரே எழுதிய கட்டுரைகள் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகியுள்ளன. படம் கிடைக்காத நிலையிலும் அதன் பின்னிருந்த உழைப்பை நாம் அறிய உதவுவது அவர் எழுதிவைத்த குறிப்புகளே.

இன்று மாணவர் ஒவ்வொருவரும் படமெடுக்கலாம். ஒருநாளில் நூறு படங்களும் எடுக்கலாம். உப்பளத்தில் உழைப்பவரின் கையையோ, தம் ஊரின் பழைய ஏரியையோ எடுத்த படம், நாளும் இடமும் பெயரும் குறிக்கப்பெற்றுப் பாதுகாக்கப்பட்டால் அடுத்த தலைமுறைக்கு ஆவணமாகும். கவனிப்பாரின்றி விடப்பட்டால் ஆயிரம் படங்களிடையே மறைந்துபோகும். எடுப்பது ஒரு கணத்தின் செயல். காப்பது வாழ்நாள் கடமை. அக்கடமையைத் தம் இருபத்தைந்தாம் வயதில் ஏற்று, இறுதிவரை கைவிடாத பெருமைக்குரியவர் ஏ.கே. செட்டியார்.