சட்டத்தை மாற்றிய தாய்

அடி, உதை, அவமானம்! இத்தனையும் பட்ட ஒரு பெண் பேனாவை எடுத்தார். ஒரு நாட்டின் சட்டமே மாறியது. அவர்தான் இங்கிலாந்தின் கரோலின் நார்ட்டன் அம்மையார்.

புகழ் பெற்ற நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி இவர். 1808-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். 19-வது வயதில் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வக்கீலை மணந்தார். மாப்பிள்ளை பாராளுமன்ற உறுப்பினர், ஊரில் மதிப்புள்ளவர். வீட்டுக்குள்ளோ கோபம் வந்தால் கை நீட்டுவார்.

கரோலின் கவிதையும் கதையும் எழுதிச் சம்பாதித்தார். குடும்பச் செலவுக்கு அந்தப் பணம் உதவியது. அடி மட்டும் நிற்கவில்லை.

ஒருமுறை வீட்டை விட்டு வெளியேறினார். கணவர் கெஞ்சி அழைத்தார். கரோலின் திரும்பி வந்தார்.

ஏன் வந்தார்? அன்றைய சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே சொந்தம். குழந்தைகளும் தகப்பனுக்கே சொந்தம். வாசலைத் தாண்டினால் கையில் காசும் இல்லை, மடியில் பிள்ளையும் இல்லை!

பிள்ளைகள் எங்கே?

1836-ம் ஆண்டு கணவர் மூன்று மகன்களையும் பிரித்து அனுப்பிவிட்டார். மூத்தவனுக்கு வயது 6, கடைக்குட்டிக்கு 2. அதோடு, பிரதமர் மெல்போர்னுடன் மனைவிக்குக் கள்ள உறவு என்று வழக்கும் தொடுத்தார். வழக்கு தோற்றது. பிள்ளைகளோ திரும்பவில்லை.

கரோலின் அழுதுகொண்டே இருக்கவில்லை. தாயின் உரிமை பற்றிச் சிறு நூல்கள் எழுதி வெளியிட்டார். 1839-ல் புதிய சட்டம் வந்தது. 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் கோர்ட்டில் கேட்கலாம்!

ஆனால் கணவர் பிள்ளைகளை ஸ்காட்லாந்தில் வைத்திருந்தார். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842-ல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்தான். தாய் ஓடி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதன் பிறகே மற்ற இரு மகன்களுடன் இருக்க அவருக்கு வழி பிறந்தது.

ஓயாத பேனா

1855-ல் விக்டோரியா மகாராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். 1857-ல் வந்த சட்டம், கணவன் கைவிட்ட மனைவியின் சம்பாத்தியத்துக்குப் பாதுகாப்பு அளித்தது.

1877-ல் கரோலின் காலமானார். மறு ஆண்டே, மனைவியைக் கடுமையாகத் தாக்கித் தண்டனை பெற்ற கணவனைப் பிரிந்து வாழ, கோர்ட்டு உத்தரவு பெறும் உரிமையும் வந்தது.

நாலு சுவருக்குள் விழும் அடி அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்பதில்லை. அதை எழுதி வைத்தால் நாடே கேட்கும். தன் மகனைக் காப்பாற்ற முடியாத அந்தத் தாய், எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளைகளைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார்.